ரோத்தே தீவுக்குப் பாசி வாங்கப் போகிறவர்களுக்கு

இந்தோனேசியாவில் காய்ந்த கடல்பாசி கிலோ எண்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதாமே, நேராகக் கிராமத்துக்கே போய் வாங்கினால் என்ன என்று இந்த வருஷம் என்னிடம் கேட்காத ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். அப்படி வாங்க ரோத்தே தீவுக்குக் கிளம்புவதற்கு முன் நானும் தேடிப் பார்த்தேன். ரோத்தே பற்றிக் கண்ணில் பட்டதெல்லாம் அலைச்சறுக்கு விளையாட வருகிற வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் ஒரு வரி அகப்படவில்லை. விலை சொல்ல ஆள் இருந்தது, அந்த விலைக்கு ஒரு வெளியாள் கையில் சரக்கு வந்து சேருமா என்று சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. எனக்குப் போனது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல், அதோடு ஒரு டிசம்பர் மாதத்துத் தூக்கம்.

எங்களுக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சின்ன யூனிட். பயிருக்கு அடிக்கும் பாசிச் சாறும் குருணை உரமும் செய்கிறோம். 1990-களில் மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்துப் பார்த்து, 2000-க்கு அப்புறம் மகளிர் குழுக்கள் மூலமாகக் கரையோரமெல்லாம் பரவிய கப்பாஃபைகஸ் பாசிதான் எங்கள் மூலப்பொருள். 2013, 14 வாக்கில் கடல் சூடேறி மிதவை மிதவையாக அழிந்துபோனதிலிருந்து இங்கே வரத்து ஒரு நிலையில் இல்லை. இந்தப் பாசியில் உலகத்திலேயே முதலிடம் இந்தோனேசியாவுக்கு. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிற காராஜீனன் எடுக்க அங்கிருந்து பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. சுரபயாவில் இருக்கிற ஏற்றுமதியாளர்களைக் கேட்டால் கன்டெய்னர் கணக்கில்தான் பேசுகிறார்கள். எனக்கு முதல் தடவைக்கு வேண்டியதோ இரண்டு டன். திமோர் தீவில் இருக்கிற குப்பாங் நகரத்தில் ஒருவர் வாட்ஸ்அப் வழியாகப் பழக்கமாகி, ரோத்தேயில் ஒரு கிராமத்துப் பெங்கெபுல் நம்பரைக் கொடுத்தார். பெங்கெபுல் என்றால் ஊருக்குள் வீடு வீடாகப் பாசி எடுத்து மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறவர். வீட்டுக்காரர் யூனிட்டை விட்டு நகர முடியாது, நான் மட்டும் கிளம்பினேன்.

ரோத்தே இந்தோனேசியாவின் தெற்குக் கோடி. அங்கிருந்து ஜகார்த்தாவைவிட ஆஸ்திரேலியா கிட்டே. பாலி வழியாகக் குப்பாங், குப்பாங்கின் தெனாவ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரம் போனால் ரோத்தேயின் பெரிய ஊரான பாஆ. இன்னொரு வழி குப்பாங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிற போலோக் துறையிலிருந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய ஃபெரி, அது நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நடுவில் புக்குவாஃபு நீரிணை. நான் போன அன்றைக்கு எண்ணெய் ஊற்றினாற்போலக் கடல் கிடந்தது, அதனால் எனக்கு அதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. வியாபாரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை இல்லை, மாதத்தை. மே முதல் அக்டோபர் வரை அங்கே வெயில் காலம். நவம்பர் கடைசியிலிருந்து மேற்கே இருந்து காற்று திரும்பி மழை பிடிக்கும், ஜனவரி, பிப்ரவரியில் அலை உயரும். வானிலை அலுவலகம் அலை எச்சரிக்கை விட்டால் துறைமுக அதிகாரி ஒரு படகையும் விடமாட்டார், அது எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. குப்பாங்கிலிருந்து சின்ன விமானம் உண்டு, அரை மணி நேரம்தான். ஆனால் படகு நின்ற அன்றே அதில் இடமும் நின்றுவிடும்.

பணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் எல்லாம் ரொக்கம். பாஆவில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் அங்கே மெஷின்கள் ஒரு தடவைக்கு 25 லட்சம் ரூபியாவுக்கு மேல் துப்பாது, ஐம்பதாயிரம் நோட்டு வைத்த மெஷின் என்றால் பன்னிரண்டரை லட்சம்தான். லட்சம் என்றதும் பெரிசாக நினைக்க வேண்டாம், ஒரு லட்சம் ரூபியா நம் காசில் ஐந்நூற்று முப்பது ரூபாய் சொச்சம். நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிக்கும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எல்லையும் வைத்திருக்கும். அதனால் தேவையானதைக் குப்பாங்கிலேயே எடுத்துவிடுங்கள். போனுக்கு டெல்கொம்செல் தவிர வேறெதையும் நம்பிப் போகாதீர்கள், குப்பாங்கில் அவர்கள் கடைக்குப் பாஸ்போர்ட்டோடு போய் சிம் வாங்கிவிடுங்கள். அதுவும் நான் இருந்த ஊரில் கோயில் மேட்டில் நின்றால்தான் கிடைத்தது. கோயில் என்றால் தேவாலயம். ரோத்தேக்காரர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தராசைத் தொடமாட்டார்கள்.

ஊரில் இறங்கியதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பனை. கடலோரத்திலிருந்து மேடு வரைக்கும் பனைதான். அவர்கள் லொந்தார் என்கிறார்கள், நம் பனையிலிருந்து ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பாளை சீவி, பனையோலையிலேயே மடித்துச் செய்த ஹாயிக் என்ற வாளியில் பதநீர் இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சிப் பாகாக வைத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் கலந்து குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். பலருக்கு அதுவே காலைச் சாப்பாடு. இன்னும் இறுக்கி, ஓலையை மோதிரமாக வளைத்து அதில் ஊற்றி வட்டு வட்டாகக் கருப்பட்டியும் எடுக்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மா ஒரு வட்டு கையில் கொடுத்தார், கடித்ததும் அழுகை வந்துவிட்டது, வீட்டு ஞாபகம்தான். பதநீரை வடித்து இறக்கிய சாராயம் சோப்பி, அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாமல் அங்கே எந்தப் பேச்சுவார்த்தையும் முடியாது.

இந்தப் பனையும் ஒரு போகம் மக்காச்சோளம், நெல், பன்றி, ஆடு, கொஞ்சம் மீன், இவ்வளவும் வயிற்றுக்கு. கையில் காசாக வருவது பாசியும், மலேசியாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்புவதும்தான். காசு போகிற வழிகள் அதிகம். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு பெலிஸ் என்கிற பரிசம் கொடுக்க வேண்டும், சாவு வந்தால் பன்றி வெட்டி ஊருக்குச் சோறு போட வேண்டும், பிள்ளை குப்பாங்கில் காலேஜ் படித்தால் மாதா மாதம் அனுப்ப வேண்டும். பாசியோ 45 நாளுக்கு ஒரு முறைதான் வெட்டுக்கு வரும். இந்த இடைவெளியை யார் அடைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பாசி சொந்தம். எனக்கு இது புரிய நாளானது, அதற்குள் பணம் கை மாறிவிட்டது.

பாசி வேலை நம்மூர்போல மூங்கில் மிதவையில் இல்லை. தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் மணல் திட்டில் முளைக்குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். கயிற்றில் தளிர் கட்டுவது பெண்கள். வீட்டு அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து கயிற்றை மடியில் போட்டுக்கொள்வார், சாணுக்கு ஒரு ராஃபியா நார் ஏற்கெனவே முடிந்திருக்கும், ஒரு கைப்பிடித் தளிரை அதில் வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அடுத்தது. நார் இறுகினால் தளிர் அறுந்துவிடும், தளர்ந்தால் அலை கொண்டுபோய்விடும். எனக்கும் கற்றுக்கொடுத்தார், நான் கட்டியதில் பாதியைச் சிரித்துக்கொண்டே அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது, போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்றால் சிக்னல் கோயில் மேட்டில் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்ட அளவு வேறெங்கும் நான் கற்கவில்லை. ஏதாவது பாசிக் கிராமத்துக்குப் போனால் முதல் வாரம் தராசையும் நோட்டையும் எடுக்காமல் பெண்களோடு கயிறு கட்ட உட்காருங்கள். கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. அந்த அம்மாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது, அட்டை கிழிந்து டேப் ஒட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் கயிறு, அரிசி, தார்ப்பாய், பள்ளிக்கூடம், பிரார்த்தனைக் காணிக்கை என்று வரிசையாக எழுதி எதிரே தொகை. எல்லாமே பெங்கெபுல் கொடுத்தது. அறுவடை வந்ததும் பாசியாகத் திருப்பித் தர வேண்டும், கடன் இருக்கிறவர்களுக்கு ஊர் விலையைவிடக் கிலோவுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபியா குறைத்துப் போடுவார். பெங்கெபுலும் சொந்தக் காசில் கொடுப்பதில்லை. குப்பாங்கில் இருக்கிற பெரிய வியாபாரி அவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார், அவருக்கு சுரபயாவிலோ மக்காசரிலோ இன்னொருவர். படகுக்கு அட்வான்ஸ் கொடுத்த கம்பெனிக்கே மீனைப் போட வேண்டும் என்கிற நம்மூர் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியும் சொல்கிறேன், வெளியூரில் இதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நம் கண்ணுக்குத் திட்டு நிறையப் பாசியும் வாங்க வந்த நாமும் மட்டும்தான் தெரிவோம்.

கடன் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் பெரியவர்கள் மொந்தாரா என்கிறார்கள். 2009 ஆகஸ்ட் 21-ம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தது. ரோத்தே கரைகளில் பாசி வெளுத்துச் செத்தது. திரும்பவும் விதைத் தளிர் போட்டு எழ வருஷக்கணக்கானது, அந்த நடுவருஷங்களில் அரிசி கொடுத்தவர்களிடம் விழுந்த முடிச்சு சில வீடுகளில் இன்னும் அவிழவில்லை. டேனியல் சாண்டா என்ற ரோத்தே பாசி விவசாயி பெயரில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்காக வழக்கு நடந்தது. 2021 மார்ச்சில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, 2022 நவம்பரில் எண்ணெய்க் கம்பெனி 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் கிடைத்த வீட்டில் தகரக் கூரை புதுசாக மின்னும், ஒரு மோட்டார் பைக் நிற்கும். பட்டியலில் பேர் வராத வீடு பக்கத்திலேயே ஓலைக் கூரையோடு இருக்கும். ஊருக்குள் யார் யாரோடு பேசுவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம், புதிதாகப் போகிறவர்கள் அதில் தலையிடாமல் இருப்பது நல்லது.

பாசி விலையும் சூதாட்டம்தான். 2022-ல் கிலோ நாற்பதாயிரம் ரூபியாவைத் தாண்டியது, கடன் அடைத்தவர்களும் இருக்கிறார்கள், அதை நம்பிப் புதுக் கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வருஷமே பாதிக்கும் கீழே விழுந்தது. நான் பேசியது கிலோ பதினைந்தாயிரம், நம் காசுக்கு எண்பது ரூபாய். இரண்டு டன்னுக்கு மூன்று கோடி ரூபியா, அதில் பாதி, ஒன்றரைக் கோடி, முன்பணமாகக் கொடுத்தேன். கோடி கொடுத்தேன் என்று சொல்ல நன்றாக இருக்கிறது, நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய். ரசீது எழுதினோம், ஊர்த் தலைவர் கையெழுத்தும் போட்டார். பெங்கெபுல் நல்ல மனுஷர், இபு, இபு என்று, அதாவது அம்மா என்று, மரியாதையாகத்தான் பேசினார், இன்றைக்கும் அவரைத் திருடன் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு ராத்திரியே அந்தப் பணத்தில் பெரும்பகுதி குப்பாங் வியாபாரிக்குப் பழைய பாக்கியாகப் போய்விட்டது. மீதியில் கிறிஸ்துமஸுக்கு அரிசி மூட்டை வாங்கி வீடுகளுக்குக் கொடுத்தார். அவர் கணக்கில் அது சரியான செலவு. பாக்கி அடைந்தால் குப்பாங்காரர் அடுத்த முன்பணம் தருவார், அரிசி வாங்கிய வீடுகள் பாசி தரும், அதில் எனக்குப் பங்கு வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. முதலில் வெட்டிய பாசி குப்பாங்காரர் பேருக்கு, இரண்டாவது யாரோ ஒருவருடைய மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு, நான் கடைசியில் நிற்கிறேன். தாள் என்னிடம் இருக்கிறது, வரிசை அவர்களிடம் இருக்கிறது. பாசி வளர 45 நாள், என் விசா 30 நாள் என்ற கணக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஆகவே அங்கே முன்பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் முழுசாக ஒருவரிடம் கொடுக்காதீர்கள். காய்ந்த மூட்டை கண் முன்னால் தராசில் ஏறி, உங்கள் அறைக்குள் வந்து பூட்டிய பிறகு அந்த மூட்டைக்கான காசு, அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் பெங்கெபுலிடம் சரக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். வெட்கப்படாமல் சொல்வார்கள், அங்கே கடன் மறைக்கிற விஷயம் இல்லை. சரக்கைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகக் கரந்தினா அலுவலகத்துக் காகிதம் வேண்டும், கரந்தினா என்றால் நோய், பூச்சி பரவாமல் சரக்கைச் சோதிக்கிற அரசு அலுவலகம், அதுவும் ஒரு உள்ளூர் ஆள் பேரில் எடுத்தால்தான் வேகமாக நடக்கும். அந்த உள்ளூர் ஆள் பெரும்பாலும் குப்பாங்காரரின் ஆளாகவே இருப்பார்.

அப்புறம் மழை பிடித்தது. எட்டுக் கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். டிசம்பரில் மதியம் வரை வெயில் அடிக்கும், தார்ப்பாயில் பரப்புவார்கள், ஒரு மணிக்குக் கறுப்பாக மேகம் ஏறும், தெருவே ஓடிவந்து பாயைச் சுருட்டும். ஒரு நாள் எங்களுக்கு முன்னால் மழை ஜெயித்தது. நல்ல தண்ணீர் பட்டால் பாசியின் மேலிருக்கிற உப்புக் கரைந்து வெளுத்து வழவழவென்று ஆகிவிடும், ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார். என் பேருக்கு ஒதுக்கிய குவியல் அப்படிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாருக்கும் காசு வேண்டும், அதனால் அரைகுறையாகக் காய்ந்ததையே மூட்டை கட்டிவிடுவார்கள், அந்த மாதத்தில் வாங்கவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்.

கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது 400 கிலோ. வாங்குபவர்கள் கேட்பது 35 சதவீத ஈரம். கருவி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். மூட்டையின் நடுவில் கையை விட்டு நூறு கிராம் எடுங்கள், மேலே இருப்பதை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கழுவாமல் மணலை மட்டும் உதறிவிட்டு வாணலியில் சிறு தீயில் எடை இறங்குவது நிற்கும்வரை வறுங்கள். 65 கிராம் நின்றால் சரக்கு சரி. எனக்கு 52 நின்றது. 48 சதவீதம் தண்ணீர். திரும்ப வெயில் பார்த்துக் காயவைத்ததில் 400 கிலோ 320 ஆனது, 80 கிலோ தண்ணீருக்கு 12 லட்சம் ரூபியா கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவின் வாணலியில் பாசியை வறுத்ததற்கு அவர் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார், நாற்றம் போகவே இல்லை.

இதற்குள் கடல் மூடிவிட்டது. படகு இல்லை, ஃபெரி இல்லை, விமானத்தில் புது வருஷம் தாண்டித்தான் இடம். விசா முடியும் தேதி கிட்டே வருகிறது. விமான நிலையத்தில் 5 லட்சம் ரூபியா கட்டி வாங்குகிற அந்த விசாவிலேயே சரக்கு வாங்குவதற்கு அனுமதி உண்டு, இன்னொரு 30 நாள் நீட்டிக்கவும் செய்யலாம், ஆனால் நீட்டிக்கக் குப்பாங் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போகப் படகு வேண்டும். தேதி தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் பத்து லட்சம் ரூபியா அபராதம். தகரக் கூரையில் ராத்திரி முழுக்க மழை கொட்டும், சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் இந்தப் பக்கத்தில்தான் உருவாகி அடித்தது, கூரை பறந்த கதையை ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அதைக் கேட்ட பிறகு காற்று கொஞ்சம் கூடினாலே வயிறு கலங்கும். வீட்டுக்குப் போன் பண்ண மழையில் கோயில் மேடு ஏறுவேன், எல்லாம் நன்றாக இருக்கிறது, சரக்கு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்குவேன். யாரிடமாவது தமிழில் அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் வீட்டில் அழுதால் அவர்கள் என்ன செய்ய முடியும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டு அம்மா தன் பூப்போட்ட சட்டையை எனக்குப் போட்டுவிட்டு ஆராதனைக்குக் கூட்டிப்போனார், சாப்பாட்டில் பன்றிக்கறி வைக்காமல் எனக்குத் தனியாக மீன் பொரித்து வைத்திருந்தார். வாடகை என்று நான் நீட்டியதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்.

விசா விஷயத்தில் செய்ய வேண்டியது இதுதான். தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, குப்பாங்கில் இருக்கும்போதே நீட்டிப்புக்கு எப்போது வரலாம் என்று கேட்டு, முதல் இரண்டு வாரத்துக்குள் அதற்கென்று ஒரு தடவை திரும்பி வந்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள், நான் மலிவு டிக்கெட் எடுத்ததால் புதிதாக 28,000 ரூபாய் போனது. வங்கிக்கணக்கில் தொடாத பணம் ஐம்பதாயிரமாவது இருக்கட்டும். அபராதம் கட்ட நேர்ந்தால் பதற வேண்டாம், 60 நாளுக்கு உட்பட்டது என்றால் விமான நிலையக் கவுன்டரிலேயே கட்டிவிட்டுப் போகலாம், அதற்கு மேல் போனால்தான் நாடு கடத்துவது, திரும்ப வர முடியாது என்பதெல்லாம். நான் கட்டியது 30 லட்சம் ரூபியா, நம் காசில் 16,000. பணம் வாங்கியவர் சிரித்த முகமாக ரசீது கொடுத்தார்.

எப்படி வெளியே வந்தேன் என்றால், ஒரு விடியற்காலையில் காற்று அடங்கி, பெரிய ஃபெரி போகிறது என்று பெங்கெபுல்தான் வந்து எழுப்பினார், அவர் பைக்கிலேயே ஃபெரி புறப்படும் பந்தாய் பாரு துறைக்குக் கொண்டுபோய் விட்டார். 320 கிலோவைக் கூட எடுத்துப்போகக் காகிதத்துக்கு நேரமில்லை. அதை அந்தக் குப்பாங் வியாபாரிக்கே கிலோ பதினோராயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன், 35 லட்சம் ரூபியா கையில் வந்தது. பதினைந்தாயிரத்துக்கு வாங்கி, காயவைத்து, பதினோராயிரத்துக்கு விற்ற ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன். நீரிணையில் வாந்தி எடுத்தது பற்றி எழுதத் தேவையில்லை, எல்லாரும் எடுத்தார்கள்.

இப்போது நாங்கள் மக்காசரில் ஒரு ஏற்றுமதியாளரிடம், இன்னும் இரண்டு சின்ன யூனிட்டுகளோடு சேர்ந்து ஒரே கன்டெய்னராக வாங்குகிறோம். கிலோவுக்கு ரூபாய் கூடத்தான், ஆனால் ஈரம் சோதித்த தாளோடு வருகிறது. கிராமத்து விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் முன்பு இடைத்தரகர் கொள்ளை என்று நினைத்தேன். அதற்குள் கயிறும் அரிசியும் பள்ளிக்கூடக் கட்டணமும் வராத கடனும் மழையில் போன மூட்டையும் இருப்பது எனக்கு இப்போது தெரியும், கொள்ளையும் கொஞ்சம் இருக்கிறது. கிராமத்திலேயே வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள், ஒரு பருவத்துக்காவது காசை அங்கே தூங்கவிடத் தயாராக இருக்க வேண்டும், அதாவது வாங்குகிறவராகப் போகாமல் கடன் கொடுக்கிறவர்களில் ஒருவராகப் போக வேண்டும். அது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

பெங்கெபுல் எனக்கு 90 லட்சம் ரூபியா பாக்கி. போன மாதம் தானாகவே செய்தி அனுப்பினார், மே அறுவடையில் பாசியாகத் தருகிறேன், மறக்கவில்லை என்று. அதில் 30 லட்சத்தை அந்த வீட்டு அம்மாவின் நோட்டில் கழித்துவிடுங்கள், மிச்சத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று பதில் போட்டேன். சரி என்றார், அதற்குப் பிறகு இன்னொரு செய்தி. இந்தப் பருவத்துக்குக் கயிறு வாங்க நான் ஏதாவது அனுப்ப முடியுமா, அனுப்பினால் முதல் வெட்டு எனக்குத்தானாம். ராமநாதபுரத்தில் மூன்று மில்லி நைலான் கயிறு கிலோ என்ன விலை என்று நேற்று விசாரித்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.